சிறார் ஒழுக்கக் காப்புக் குழுவின் முதல் வெற்றி

இந்த நூற்றாண்டின் ஒழுக்க வரலாற்றை எழுத உட்காரப்போகிறவர்கள், அமீரகத்தின் அஜ்மானில் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தின் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்த அறிவிப்பைத் தவிர்த்துவிட்டு எழுதிவிட முடியாது என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்ள வேண்டும். லேமினேட் செய்த அறிவிப்பு. கீழே, 'எஸ். அனந்தகிருஷ்ணன், தலைவர், சிறார் ஒழுக்கக் காப்புக் குழு' என்று தடித்த எழுத்து. அதற்கும் கீழே, அறிவிப்பைக் கிழிக்கிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று இன்னும் தடித்த எழுத்து.

அனந்தகிருஷ்ணன் துபாயில் ஒரு கம்பெனியில் விதி இணக்க மேலாளர். அதாவது, மற்றவர்கள் விதிப்படி நடக்கிறார்களா என்று பார்ப்பதற்காகச் சம்பளம் வாங்கும் பாக்கியம் பெற்றவர். காலை ஆறு மணிக்குக் காரை எடுத்தால், ஷார்ஜா நெரிசலில் ஊர்ந்து போய் ஊர்ந்து வந்து, வீடு சேர இரவு எட்டரை ஆகும். இடைப்பட்ட நேரத்தில் கட்டடத்துத் தமிழ்க் குழந்தைகள் என்ன ஆகிறார்களோ என்ற கவலை, ஸ்டியரிங்கைப் பிடித்த நிலையிலேயே அவருக்குள் வளர்ந்து வந்தது. ஒருநாள் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. பள்ளி நேரத்தில் நான்கு பையன்கள் ஏதோ ஒரு மாலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த நாட்டு மால் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அன்றைக்கே குழு பிறந்துவிட்டது.

சட்டங்கள் இரண்டுதான். பள்ளி நாட்களில் காலை ஏழு முதல் பள்ளி விடும்வரை பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரும் லாபியிலோ கார் நிறுத்துமிடத்திலோ காணப்பட்டால், அவர் 'வகுப்புக்கு மட்டம் போட்டவர்' என்று கருதப்படுவார். இரவு எட்டுக்கு மேல் பெற்றோர் துணையின்றிக் கீழே இறங்கினால் 'ஊரடங்கை மீறியவர்'. இரண்டாவது சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. கீழ்த்தளத்து மளிகைக் கடைக்குத் தயிர் வாங்கப் போகும் சிறார், தயிரின் அளவைக் குறிப்பிட்டுப் பெற்றோர் எழுதிய சீட்டுடன் போகலாம். சீட்டில் அரை லிட்டர் என்றிருந்து ஒரு லிட்டர் வாங்கி வந்தால், அது தனி விசாரணை.

முதல் இரண்டு வாரங்களில் பிடிபட்டவர் ஒருவர். ஏழாம் மாடி கனகா. முதுகில் பையும் காலில் கான்வாஸ் ஷூவுமாக வந்த அவரிடம் வயதுச் சான்று கேட்கப்பட்டது. அவர் பல் மருத்துவர் என்றும், வயது இருபத்தொன்பது என்றும் தெரியவந்தது. குழு வருத்தம் தெரிவித்தது. கனகா அதன் பிறகு புடவை கட்டிக்கொண்டுதான் லிஃப்டில் இறங்கினார்.

ஒரு வழக்குகூட இல்லாமல் ஒரு குழு எத்தனை நாள் உயிர்வாழும்? தலைவருக்குத் தூக்கம் குறைந்தது. அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அனந்தகிருஷ்ணனுக்கு வீட்டிலிருந்தே வேலை. அன்று காலை அவருடைய மவுஸ் டேபிள் ஃபேனோடு நூலால் கட்டப்பட்டு, அசைந்து அசைந்து, அவர் கடமையில் மூழ்கியிருப்பதாகத் துபாய்க்குப் பச்சைப் புள்ளி காட்டிக்கொண்டிருந்தது. அவரோ கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஃபைலுமாக ஒன்பது மணிக்கு லாபியில் இறங்கினார்.

சோபாவில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். சீருடை இல்லை. நீல டி-ஷர்ட், டிராக் பேன்ட், மடியில் செஸ் போர்டு.

"பேரு?" என்றார் தலைவர், ஃபைலைத் திறந்தபடி.

"அப்பா, நான்தான்."

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். மகள் ஷ்ருதியேதான். பகல் வெளிச்சத்தில் அவளைப் பார்த்து நாளாகியிருந்ததால், அவள் ஒரு சாண் வளர்ந்திருந்த விஷயம் தலைமைக்கு வந்து சேரவில்லை. வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, 'மேலே ஓடு' என்றிருப்பான். அனந்தகிருஷ்ணன் பேனா மூடியைக் கழற்றினார்.

ஷ்ருதி தமிழும் ஆங்கிலமுமாக விளக்கினாள். இன்றைக்கு அவள் ஸ்கூல் லீவு. ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் புஜைராவில் பள்ளிகளுக்கு இடையிலான செஸ் போட்டி. ஆறு மாதமாகத் தயாராகிறாள். ஒன்பதே காலுக்கு ஸ்கூல் வேன் வரும். அம்மா மெஸேஜ் போட்டிருந்தாளே, அப்பாகூடக் கட்டைவிரல் காட்டினாரே.

"வாய்மொழி விளக்கம் ஏத்துக்க முடியாது. ஃபார்ம் இருக்கு, ஃபில் பண்ணு."

படிவத்தில் காய்ச்சல், விசா மெடிக்கல், குடும்பத்தில் மரணம், இதர என்று நான்கு கட்டங்கள் இருந்தன. ஷ்ருதி 'இதர'வில், தன் பள்ளி ஷார்ஜாவில் இருக்கிறது, ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்று எழுதி, 'ப்ளீஸ், இதைப் படியுங்கள்' என்று அடிக்கோடும் போட்டுக் கொடுத்தாள். தலைவர் அதைப் படிக்காமல் ஃபைலில் வைத்தார். படிப்பது குழுவின் அதிகாரம். குழு ஞாயிற்றுக்கிழமைதான் கூடும்.

கட்டடத்துக் காவலாளி முகம்மது சித்தீக், கீழக்கரைக்காரர், துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு வந்தார்.

"சார், பாப்பா தெனமும் ஷார்ஜா வேன்லதான ஏறுது. அங்க வெள்ளிக்கெழம லீவு சார்."

"சித்தீக், நாம நிக்கறது எந்த ஊர்?"

"அஜ்மான் சார்."

"அஜ்மான்ல வெள்ளிக்கிழமை ஸ்கூல் உண்டா, இல்லியா?"

"உண்டு சார், அர நாளு."

"அப்புறம் என்ன?"

பத்தொன்பது வருடமாகக் குடித்தனக்காரர்களைப் பார்த்தவர் சித்தீக். தண்ணீர் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒன்பதே காலுக்கு வேன் வந்தது. உள்ளே ஆறு குழந்தைகள். ரம்ஸியா மிஸ் இறங்கி வந்து, பதினொன்றரைக்கு ஆட்டம் என்றும், அரை மணி தாமதித்தால் ஆடாமலே தோல்வி என்றும், ஷ்ருதிதான் தங்கள் பள்ளி அணியின் முதல் போர்டில் ஆடுகிறவள் என்றும் சொன்னார். அப்பா கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் காட்டினார்.

தலைவர் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கையெழுத்து என்னுதுதான். ஆனா படிக்காம போட்டது. படிக்காம போட்ட கையெழுத்து செல்லாது மேடம்."

"சார், நாங்க ஷார்ஜாவிலேர்ந்து வரோம். ஷ்ருதி எங்க ஸ்கூல்தான்."

அனந்தகிருஷ்ணன் சிரித்தார். விதி இணக்கத்தில் இருபது வருடம் பழுத்த சிரிப்பு. "எம்பொண்ணு எந்த ஸ்கூல்னு எனக்குத் தெரியாதா?"

அவர் பையில் ஃபோன் அடித்தது. ஷார்ஜாவில் ஒரு மருந்துக் கடையில் டியூட்டியில் இருந்த மனைவி நீலா. விசாரணையின்போது சாட்சிகளோடு பேசுவது முறையல்ல என்பதால் துண்டித்தார். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்து, 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று அனுப்பினார். பிறகு, குற்றவாளியை நேரில் பள்ளியில் ஒப்படைப்பதே நியாயம் என்று தீர்மானித்து, ஷ்ருதியைக் காரில் ஏற்றினார். ரம்ஸியா மிஸ் பத்து நிமிடம் காத்திருப்பதாகச் சொன்னார். இருபது நிமிடம் காத்திருந்தார்.

அஜ்மான் பள்ளி திறந்துதான் இருந்தது. வெற்றிதான். தலைவர் வரவேற்பு மேஜையில் ஃபைலை வைத்து, தன் மகளையே சட்டத்தின் முன் நிறுத்த வந்திருப்பதைச் சுருக்கமாக ஏழு நிமிடம் விளக்கினார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கணினியில் பெயரைத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார்.

"சார், இந்தப் பொண்ணு போன மார்ச்லயே டிசி வாங்கிட்டுப் போயிருச்சே. ஷார்ஜால சேர்க்கப்போறதா லெட்டர் குடுத்திருக்கீங்க."

தலைவர் ஷ்ருதியைப் பார்த்தார். ஷ்ருதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாகப் பத்து நிமிடம்.

"சொல்ல வேண்டாமாம்மா?" என்றார்.

ஷ்ருதி மேஜையில் இருந்த ஃபைலை மட்டும் ஒரு தடவை பார்த்தாள்.

அதன் பிறகு புஜைரா சாலையில் அனந்தகிருஷ்ணன் ஓட்டிய வேகத்தையும், வழியில் கேமரா இரண்டு முறை பளிச்சிட்டதையும், மலைகளுக்கு நடுவில் ஒரு கவிழ்ந்த லாரிக்காக முக்கால் மணி நேரம் நின்றதையும் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கவில்லை. 'முதல் வழக்கு. உறவு பாராமல் நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்ற வரி மட்டும் சேர்க்கப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஏகமனதாக நிறைவேறியது. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது.

புஜைராவில் பன்னிரண்டு மணிக்கு ஷ்ருதியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டார்கள். அந்தக் கல்வியாண்டு முழுவதிலும் அவளுக்கு விழுந்த ஒரே ஆப்சென்ட் அதுதான்.