தள்ளிக்கொண்டு போன சைக்கிள்

காலை எட்டரை மணி. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அப்படியிருக்க, அல்சூர் ஏரிக்கரையில் முன்னால் போகிற அந்த ஆளுக்குக் குடை எதற்கு? அதுவும் முகமே தெரியாதபடி?

ஓஸ்வால்ட் புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே யோசித்தார். நாலு நாளாக இதே குடை. இவர் நின்றால் அதுவும் நிற்கிறது. இது நல்லதுக்கில்லை என்று அவருக்குப் பட்டது.

அவர் ஹெட் கிளார்க் ஆகி இரண்டு வாரம்தான் ஆகிறது. மூன்று மாதம் கழித்துத்தான் வேலை நிரந்தரம். உத்தரவைக் கையில் கொடுத்த அன்றே சூப்பரிண்டெண்ட் வெங்கடராமன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"மிஸ்டர் ஓஸ்வால்ட், ஹெட் கிளார்க் நடந்து வந்தா ஆபீஸ் மானம் என்னாறது? ஒரு சைக்கிள் வாங்குங்கோ. என்னைப் பாருங்கோ, மாமனார் மோட்டார் வாங்கிக் குடுத்தார், அதுலதானே வரேன்? எனக்கு நடக்கத் தெரியாதா?"

வீட்டில் மனைவி பாலின் அதற்கு மேலே போனாள். "கோயில்ல எல்லாரும் கேக்கறாங்க, உங்க வூட்டுக்காரரு இன்னும் நடந்துதான் போறாரான்னு. எனக்கு மொகத்தை எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல."

சைக்கிள் வந்தது. ஓஸ்வால்டுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை, பிடிக்கவில்லை. ஜோகுபாளையத்து வீட்டில் அவர் பாலின் சொல்கிறபடி, ஆபீஸில் சூப்பரிண்டெண்ட் சொல்கிறபடி. நடுவில், ஏரியைப் பார்த்தபடி கையை வீசி நடக்கிற நாற்பது நிமிஷம்தான் அவர் அவராக இருந்தார். அதையும் விட்டுவிட்டால் அவரிடம் என்ன மிச்சம்? அதனால் பாலின் பார்க்கிற தெருமுனை வரை ஓட்டுவார். அப்புறம் இறங்கித் தள்ளுவார். ஆபீஸ் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி ஏறிக்கொள்வார்.

இதை யாரோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். சூப்பரிண்டெண்ட்தான் ஆள் வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள், சங்கிலி கழன்றதுபோலச் சக்கரத்தருகே குந்திப் பார்த்தார். குடையும் சட்டென்று குந்தி, பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தது. கால் மணி நேரம் இருவரும் அப்படியே குந்தியிருந்தார்கள். ஓஸ்வால்டுக்குத்தான் முதலில் கால் மரத்துப்போயிற்று.

ஆறாம் நாள் ஏரியின் மறுகரை வழியாகப் போனார். அங்கேயும் ஒரு மரத்துக்குப் பின்னால் பாதிக் குடை தெரிந்தது.

யாராவது கேட்டால் பஞ்சர் என்று சொல்லிவிடலாம் என்று, அன்று சாயங்காலம் தியோடரின் சைக்கிள் கடைக்குப் போனார்.

"தியோடர், பின் சக்கரத்துல காத்தை எடுத்துடு."

தியோடர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "எல்லாரும் காத்து அடிக்கச் சொல்லி வருவாங்க. எடுக்கச் சொல்லி வந்தது நீங்கதான் சார். ஸ்வல்ப நேராவே சொல்லுங்க, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல, எடு."

அந்த ஒண்ணுமில்லை, ஏரிக்கரையில் அவரைப் பார்த்தவர்கள் சொன்னதையும் சேர்த்துக்கொண்டு, அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. பாலின் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சைக்கிள்ல போனா ஆபீசு பத்து நிமிஷம். எட்டே காலுக்கே கெளம்பி எங்க போறீங்க? ஏரிக்கரையில யாரு இருக்கா?"

"ஒரு குடை."

"ஆம்பளைக் குடையா, பொம்பளைக் குடையா?"

"மொகம் தெரியல."

அது சத்தியமான உண்மை. அதனாலேயே பாலின் அதை நம்பவில்லை. அன்று ஓஸ்வால்டுக்குச் சாப்பாடு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

மறுநாள் ஆபீஸில் சூப்பரிண்டெண்ட் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். கால்களை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"தினம் ஏரிக்கரையில சைக்கிளைத் தள்ளிண்டு வரேளாமே? யார் சொல்லி வரேள்? ஒளிக்காம சொல்லுங்கோ."

ஆக, குடை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பஞ்சர் என்ற வார்த்தை ஓஸ்வால்டின் தொண்டை வரை வந்து நின்றது. ஒரு வாரத்துக்குள் எத்தனை பொய்! அவருக்குத் தன்மீதே வெட்கமாக வந்தது.

"யாரும் சொல்லல சார். எனக்கு சைக்கிள் பிடிக்கல, நடக்கத்தான் பிடிக்குது. ஹெட் கிளார்க் வேலைய வேணும்னா எடுத்துக்குங்க. நான் நடந்துதான் வருவேன்."

சூப்பரிண்டெண்ட் அவரை உற்றுப் பார்த்தார்.

"வெறும் நடக்கத்தானா?"

"நடக்கத்தான் சார்."

"வேற யாரும் அனுப்பலையே?"

"சத்தியமா இல்ல."

சூப்பரிண்டெண்ட் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, போங்கோ" என்றார்.

வேலை இருக்கிறதா போயிற்றா என்று தெரியாமல் ஓஸ்வால்ட் வெளியே வந்தார். ஆனாலும் வெகுநாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. வாசலில் சூப்பரிண்டெண்டின் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் பெர்னார்ட், துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், நீங்க எவ்வளவு வேணா நடங்க, எங்க எஜமானியம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மாமனார் குடுத்த கார எங்கிட்ட வுட்டுட்டு எங்க ஐயா ஏரிக்கரையில நடக்குறத வேவு பாக்க, அம்மா வெச்ச ஆளு நீங்கதான்னு நெனச்சு, அவரு ஒரு வாரமா குடையும் கையுமா மரத்துக்கு மரம் ஒளியறாரு!"