ரிச்சர்ட் போட்ட பூட்டு

திரையில் 'சக்சஸ்' என்று வந்தது. முத்தாயி அக்காவின் சாப்பாட்டுக்கடை வெப்சைட்டில் மட்டும் நேற்றைய மெனுவே நின்றது.

ரிச்சர்ட் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். சிங்கப்பூர் தேக்கா பக்கம், அக்கா கடைக்கு மேல்மாடியில் இருந்துகொண்டு பலருக்கும் வெப்சைட் நடத்திக்கொடுக்கிற சின்ன கம்ப்யூட்டர் கம்பெனி. அவனுக்கு இன்றோடு ப்ரொபேஷன் முடிகிறது. முதலாளி மதுரா காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"இனிமே பாஸ்வேர்டு போட்டு சர்வருக்குள்ள போக வேணாம். எஸ்எஸ்எச் சாவி ஒண்ணு செஞ்சு, அது வழியா அக்காவோட புது மெனுவ ஏத்துங்க. மத்தியானத்துக்குள்ள ஏறிட்டா நீங்க பர்மனன்ட்."

இந்தச் சாவி ஜோடியாக வரும். ஒன்று அவன் கம்ப்யூட்டரில் இருக்கும், மற்றதை சர்வரில் வைக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். திறக்கத்தான் செய்தது. மெனுவை ஏற்றினான். ஏறிவிட்டது என்று திரையே சொல்கிறது.

முத்தாயி அக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

"தம்பி, அண்டா நெறைய மட்டன் பிரியாணி கெடக்கு. ஒரு ஆர்டர்கூட வரல. வெப்சைட்ல இன்னும் இட்லிதான் ஓடுது!"

"அஞ்சு நிமிஷம்க்கா."

பாஸ்வேர்டு வழி குறுக்கே நிற்கிறதோ என்று அதை அடைத்தான். மறுபடி ஏற்றினான். சக்சஸ். இட்லி அசையவில்லை.

சர்வரில் யார் யாரோ வைத்த பழைய சாவிகள் கிடந்தன. வீட்டுக்குப் புதுப் பூட்டு போட்டபின் பழைய சாவிகளை வைத்துக்கொண்டா இருப்போம்? தன்னுடையதை விட்டு எல்லாவற்றையும் அழித்தான். ஏற்றினான். சக்சஸ். இட்லி.

"இந்த சக்சஸ வச்சு நான் என்ன லா செய்ய?" என்றாள் முத்தாயி.

அப்படியானால் தன் சாவியில்தான் கோளாறு. புதிதாக ஒன்று செய்தான். பழையதை அழித்து அதே இடத்தில் வைக்கவா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. 'ஆம்' என்று தட்டினான்.

கதவு திறக்கவில்லை. புதுச் சாவியின் ஜோடியை சர்வரில் வைக்க வேண்டும். வைக்க உள்ளே போக வேண்டும். போகப் பழைய சாவி வேண்டும். அதுதான் போய்விட்டதே.

மதுரா வந்தாள். "தள்ளுங்க, என் சாவில நான் போய்ப் பாக்கறேன்."

"உங்க சாவிய... பழசுன்னு அழிச்சிட்டேன் மேடம்."

"பாஸ்வேர்டு?"

"அடைச்சிட்டேன்."

"அப்ப யாராலயும் உள்ள போக முடியாது?"

"ரொம்பப் பாதுகாப்பா இருக்கு மேடம்."

முத்தாயி சிரித்துவிட்டாள். மதுரா சிரிக்கவில்லை. ரிச்சர்ட் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

போன் எடுக்கும் ஜோவன்னா கதவுக்கு இப்பால் தலையை நீட்டினாள்.

"மேடம், நம்ம கஸ்டமர், ஆங் மோ கியோ ஏரியா பல் டாக்டர் லைன்ல இருக்காரு. காலையிலேர்ந்து அவரு வெப்சைட்ல மட்டன் பிரியாணிதான் தெரியுதாம். பல்லு புடுங்க நேரம் கேக்க வந்தவங்கள்லாம் பார்சலுக்கு நிக்கிறாங்க, சீக்கிரம் அனுப்புங்கன்றாரு!"