அரையிறுதியில் அடித்த இரண்டு விசில்

அன்புள்ள மச்சானுக்கு,

மாவுக்கட்டுப் போட்ட உன் வலது காலும், அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும் உன் இடது காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். இங்கே நான் நலம். என் மகள் நலமா என்பதை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, ஏனென்றால் நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ நடுவில் பேசுவாய். ஆகவே கடிதம்.

நீ குளியலறையில் வழுக்கி விழுந்து, பயிற்சியாளர் மாமாவுக்குப் பதிலாக அப்பாவாவது கூட இருக்கட்டும் என்று என்னை இந்த உலகத் தடகளப் போட்டிக்கு அனுப்பியபோது, நான்கு பக்கம் அறிவுரை எழுதிக் கொடுத்தாய். முதல் பக்கத்தில் "அத்தான், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்" என்று இருந்தது. மற்ற மூன்று பக்கங்களிலும் அதையே வேறு வேறு வார்த்தைகளில் எழுதியிருந்தாய். நான் அதை மரியாதையாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதே பையில்தான் விசிலும் இருந்தது.

உனக்குத் தெரியாததா? பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும், பையில் விசில் இல்லாவிட்டால் எனக்குச் சட்டை போட்ட மாதிரியே இருப்பதில்லை. ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். நம்ம பிள்ளை டிப்போ குவார்ட்டர்ஸில் அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவள். பள்ளிக்கூடம் கிளம்ப இரண்டு விசில், மைதானத்துக்குக் கிளம்ப இரண்டு விசில். நீ மட்டும் சும்மா இருந்தாயா? கடைசி முந்நூறு மீட்டரில் வேகம் எடுக்க வைப்பதற்கு ஆறு வருஷமா நீ ஊதினதும் அதே ரெண்டு விசில்தானே. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படி.

முதல் நாள் ஓட்டத்திலேயே எனக்கு மனசு சரியில்லை. ஆயிரத்தைந்நூறு மீட்டராம், அதாவது மூணே முக்கால் சுற்று. அந்தக் கால் சுற்றை எதற்கு மிச்சம் பிடித்தார்கள் என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. அதுவாவது போகட்டும், முடிக்கிற இடத்துக்கு வந்ததும் இவள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, பின்னால் வந்த இரண்டு பேருக்கு வழி விட்டு நாலாவதா வர்றா. என்னம்மா இது, யாரு உன்னை வழி விடச் சொன்னதுன்னு கேட்டா, "ஆறு பேர் வரைக்கும் அடுத்த சுற்றுக்குப் போகலாம்பா, சும்மா எதுக்கு மூச்சை வீணாக்கணும்"ங்கிறா. ஆறாவதா வந்தா போதும்னு நினைச்சு ஓடுற ஓட்டத்தை நான் வாழ்க்கையில இப்பதான் பார்க்கிறேன்.

நேற்று அரையிறுதி. என் பழைய ஸ்டாப் வாட்ச்சைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் சுற்று எழுபத்தாறு செகண்டு. உலகத்துலயே வேகமான பொம்பளைப் பிள்ளைங்க பன்னெண்டு பேரு, ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்துக்கிட்டு, யாரு முன்னால போறதுன்னு கூச்சப்பட்டுக்கிட்டு ஊர்வலம் போறாங்க. நம்ம பிள்ளை உள்பக்கத்துல மாட்டிக்கிட்டா, முன்னால ரெண்டு பேரு, பக்கத்துல ஒரு நெட்டச்சி, வெளியே வர வழியே இல்ல. அந்த நேரம் பார்த்து எனக்கு முன் சீட்டுக்காரர் ஒருத்தர், தனியா ரெண்டு டிக்கெட் வாங்க வேண்டிய உடம்பு, கேமராவோட எழுந்து நின்னுட்டாரு. உட்காருங்கன்னா அவருக்குப் புரியல. கை தானா பைக்குப் போச்சு. ரெண்டு விசில், டிப்போவே அதிர்ற மாதிரி. அவர் அப்படியே உட்கார்ந்துட்டாரு. ஆனா அங்கே கீழே நம்ம பிள்ளை கிளம்பிட்டா.

இன்னும் ரெண்டு சுற்று இருக்கு மச்சான். நீ கடைசி முந்நூறுன்னு சொல்லி வெச்சிருக்கே, இவ எண்ணூறு மீட்டர் இருக்கும்போதே நெட்டச்சியைத் தாண்டி வெளியே வந்து பறக்கிறா. மத்தவங்க இது என்னடா புது வியாதின்னு பார்த்துக்கிட்டே வர்றாங்க. கடைசிச் சுற்று மணி அடிக்கும்போது நாப்பது மீட்டர் முன்னால. ஸ்டேடியமே எழுந்து நிக்குது, நான் மட்டும் சீட்டுக்கு அடியில குனிஞ்சிருக்கேன், யார் ஊதினதுன்னு தேடிடுவாங்களோன்னு. கடைசி வளைவுல கால் ரெண்டும் அவ சொன்ன பேச்சைக் கேக்கல. ஒருத்தி தாண்டினா, ரெண்டு பேர் தாண்டினாங்க, மூணு, நாலு, அஞ்சு. கோட்டு மேலேயே விழுந்தா, முட்டியெல்லாம் சிராய்ப்பு. ஆறாவது. இதுலயும் ஆறு பேருக்குத்தான் அடுத்த ஓட்டம், ஏழாவதா வந்தவளுக்கும் இவளுக்கும் ஒரு மூக்கு நீளம்தான் வித்தியாசம். நாளைக்கு இறுதிப் போட்டி, அதுல ஓட வேண்டிய தெம்பையெல்லாம் என் விசிலு நேத்தே தீர்த்துடுச்சு. வெளியே வந்தா, என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்தா, பையைத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏறிட்டா.

மனசு கேக்காம இன்னிக்குக் காலையில விசாரணை மேஜைக்குப் போனேன். ஊதினவன் நான்தான், என் பிள்ளை மேல நடவடிக்கை எடுத்துடாதீங்கன்னு விசிலை எடுத்து மேஜையில வெச்சு, கையைக் காட்டி, ஜாடை காட்டி, கண் கலங்கிச் சொன்னேன். மேஜையில இருந்த பொண்ணு ரொம்ப நல்ல மாதிரி. நான் இதே மாதிரி விசிலைத் தொலைச்சவன்னு நினைச்சுக்கிட்டு, உள்ளே போய் தொலைஞ்ச சாமான் டப்பாவைக் கொண்டு வந்து, பொறுக்கி எடுத்து மூணு விசில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கிச்சு. ஒரு விசிலை ஒப்படைக்கப் போனவன் நாலு விசிலோட திரும்பி வந்தேன்.

ஆகவே முடிவு பண்ணிவிட்டேன். நாளைக்கு நான் ஸ்டேடியம் பக்கமே போகப் போவதில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பேன். ஆறு வருஷம் நீ பட்ட பாட்டை ஆறு செகண்டில் ஊதித் தள்ளியவன் நான். என்னை மன்னிக்கணும்னு உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை. ஊருக்கு வந்ததும் நீ நொண்டிக்கொண்டாவது வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பேசி வைக்க வேண்டும். உன் அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே.

உன் கால் சீக்கிரம் தரையில் ஊன்றட்டும், உன் வீட்டில் எல்லோரும் நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் துரதிர்ஷ்டம் பிடித்த அத்தான்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. நம்பர் துணி குத்த ஊக்கு கேட்டு இப்பதான் அறைக்கு வந்தாள். மேஜை மேல் இருந்த கடிதத்தை எடுத்து நின்றபடியே முழுசும் படித்தாள். "விசிலா? எந்த விசில்?" என்கிறாள். அந்தக் கூச்சலில் அவள் மூச்சே அவளுக்குக் கேட்கவில்லையாம். கடைசியில் பாய்கிற வேகம் மத்தவங்களுக்கு இருக்கிற அளவு தனக்கு இல்லை, அதனால முன்னாடியே கிளம்பிடணும்னு முந்தின நாளே முடிவு பண்ணி வெச்சிருந்தாளாம். முப்பத்தோரு வருஷமா வண்டியெல்லாம் என் விசிலுக்குத்தான் கிளம்பிச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன் மச்சான், ஊருக்கு வந்ததும் டிரைவருங்களையும் ஒரு வார்த்தை கேட்கணும். அப்புறம் எதுக்கும்மா என்கிட்ட பேசலேன்னேன். "உலகத்துலயே இறுதிப் போட்டியில ஓடப் போற பன்னெண்டு பேர்ல ஒருத்தியா வந்திருக்கேன், நீங்க பரிட்சையில பெயிலான பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தீங்க. நல்லா ஓடினேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களாப்பா?" எழுந்து நின்னு, "நல்லா ஓடினேம்மா"ன்னேன். "உட்கார்ந்துக்கிட்டே சொல்லலாம்பா"ன்னு சொல்லிட்டு அழுதுட்டா, நானும்தான். நாளைக்கு நான் முதல் வரிசையில உட்காரணுமாம். மூணு சுற்று இருக்கும்போதே கிளம்பப் போறாளாம், மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு சத்தியம் வாங்கியிருக்கா. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஓட்டம் முடிஞ்சிருக்கும், அதனாலதான் எழுதிட்டேன்.