விழுங்காத பகல் குளிசைகள்

நோய் வருத்தத்தால் கெட்டவர்களைவிட வெட்கத்தால் கெட்டவர்கள்தான் எங்கள் கடைத்தெருவில் அதிகம். அந்த வரிசையில் முதல் ஆள் நான்.

அலவத்துகொடையில் எனக்கு ஒரு புடவைக் கடை. இடது கண்ணில் அழுத்தம் ஏறியிருப்பதாகக் கண்டியில் டொக்டர் அம்மா சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர். பெருநாள் கழிந்து ஒப்பரேஷன். அதுவரை அழுத்தத்தை இறக்கி வைக்க நாளுக்கு நாலு குளிசை.

"ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. ஒண்டையும் விடக்கூடாது. விட்டால் கண் போயிடும், விளங்குதோ?"

தலையாட்டினேன். (தலையாட்டுவதில் என்னை வெல்ல ஆளில்லை.)

மூன்றாம் நாள் நோன்பு தொடங்கியது. நோயாளிக்கு நோன்பை விடச் சலுகை உண்டு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் போன வருடம், சீனி வருத்தக்காரரான பக்கத்துக் கடைக்கார நானா திரைக்குப் பின்னால் தேத்தண்ணீர் குடித்ததைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். இப்போது அவர் முன்னால் நான் எப்படித் தண்ணீர் குடிப்பது?

ஆகவே நானே டொக்டரானேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு இரண்டு, அந்தியில் நோன்பு திறந்ததும் இரண்டு. மொத்தம் நாலுதானே! எனக்கு நோன்பில்லை, சஹருக்கு எழும்புவது பிள்ளைகளுக்குத் துணையாக, பகல் குளிசையைக் கடையில் போடுகிறேன் என்று மனைவி பரீதாவிடம் பொய். (நோன்பும் வைத்துப் பொய்யும் சொன்ன மகான்!)

இரண்டு ஒன்றாக இறங்கினால் விரலெல்லாம் விறுவிறுக்கும், மூத்திரம் நிற்காது. பள்ளியில் இரவுத் தராவீஹில் தொழுததைவிட, மூத்திரம் போய்த் திரும்பக் கைகால் கழுவி வுளூச் செய்ய ஓடியதுதான் அதிகம். "மாஷா அல்லாஹ், என்ன பேணுதல்!" என்றார் ஒரு பெரியவர். அதையும் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

பத்தாம் நோன்பன்று பகல், துணி அளக்கும்போது இடது கண்ணில் ஆணி அடித்தாற்போல் வலி. நோன்புத் தலையிடி என்று பல்லைக் கடித்தேன். கடைசியில் விரித்து வைத்த சேலையின் மேலேயே வாந்தி எடுத்தேன். ஓடிவந்து தாங்கி, வான் பிடித்துக் கண்டிக்குக் கொண்டுபோனவர் அந்த நானாதான்.

"பகல் குளிசை எடுத்தனீங்களோ?" என்று கேட்டார் டொக்டர் அம்மா. உள்ளதைச் சொன்னேன்.

"ஏன் ஐயா?"

பின்னாலேயே ஓடிவந்திருந்த பரீதாதான் அழுதுகொண்டு பதில் சொன்னாள். "இவரு அல்லாஹ்வுக்குப் பயந்து நோன்பு புடிக்கல்ல டொக்டர். கடத்தெருவுக்குப் பயந்து புடிச்ச."

அன்றே ஒப்பரேஷன் செய்தார்கள். வலி போனது. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. நானாவின் முகத்தைப் பார்க்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் நோன்பு திறக்கும் நேரம் என் இடப்பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் தங்களுக்குள் அடிபடுவார்கள். அந்தப் பக்கமிருந்து கட்லட்டை எடுத்தால் வாப்பாவுக்குத் தெரியாதாம். விருந்தாளிகளுக்கும் செய்து காட்டுவார்கள். எல்லாரும் சிரிப்போம், நானும்தான். பரீதா மட்டும் சிரிக்காமல் தன் கட்லட்டை எடுத்து என் பீங்கான் தட்டில் வைப்பாளாம். அதையும் நான் காண்பதில்லை. கையில் தட்டுப்பட்டால்தான் தெரியும்.