தண்ணிக்குக் காவல் போட்ட வீடு

மாத்தளை மாவட்டத்திலேயே தண்ணிக்குக் காவல் போட்ட முதல் வீடு பலாபத்வலை செல்லச்சாமியின் வீடுதான். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. சந்தேகப்பட்டு வந்தவர்கள் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுக் காய்ந்த கையோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

காவலை ஏற்பாடு செய்தவன் மகன் ஜெயக்காந்தன். கத்தாரில் ஒரு பெரிய கட்டடத்துக்குக் காவல்காரன். ஊரான் கட்டடத்தைக் காக்கிறவன் சொந்த வீட்டைச் சும்மா விடலாமா? முதலில் வாசலுக்கு ஒரு கேமரா அனுப்பினான். முகத்தைப் பார்த்தே வீட்டாளா வெளியாளா என்று சொல்லிவிடும் புத்தியுள்ள கேமரா. வீட்டாட்கள் முகத்தையெல்லாம் அவனே அங்கிருந்து போனில் பதிந்தான். மகள் ஹம்சிகாவுக்கு அவன் கையில் இருந்தது முன்பல் விழுந்த காலத்துப் படம். அதையே பதிந்தான்.

அடுத்து வந்தது "தானியங்கி வால்வு". வீட்டுக்குள் குழாய் வெடித்துத் தண்ணி பெருகினால் அதுவாகவே மூடிக்கொள்ளுமாம். செல்லச்சாமியின் வயசுக்குக் குழாய்த் தண்ணியில் முங்கிய வீட்டை அவர் கண்டதில்லை. குழாய் இருந்தும் தண்ணி வராத வீடுகளைத்தான் கண்டிருக்கிறார். ஆனாலும் வராத வியாதிக்கு மருந்து குடிப்பதுதானே முன்னேற்றம்.

வால்வைப் பொருத்திப் பூட்ட வந்தவன் மாத்தளை டவுனில் கடை வைத்திருக்கும் ரவூப்.

"குழாய்க்குக் கரண்டு என்னத்துக்குத் தம்பி?"

"கரண்டு இருந்தா தொறந்திருக்கும் ஐயா. கரண்டு போனா மூடிக்கிரும்."

"ஏன் மூடணும்?"

"அதான் பாதுகாப்பு."

"கையால தொறக்க ஏலாதா?"

"கையால தொறக்க ஏலும்னா கள்ளனுக்கும் ஏலும்தானே ஐயா."

கள்ளன் தண்ணி குடிக்கவா வருவான் என்று கேட்க வாய் வந்தது. மகன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். செல்லச்சாமி, கரண்டு போன வால்வு மாதிரி வாயை மூடிக்கொண்டார்.

ஹாலில் ஒரே சுவரில் ப்ளக் போட இடம் இரண்டு. ஒன்றில் கேமரா. மற்றதில் முருகன் படத்துச் சிவப்பு பல்பு. வால்வோடு வந்த வயர் ஒன்றரை முழம், அந்தச் சுவரைத் தாண்டாது. மல்டி ப்ளக், நீட்டு வயர் எது போட்டாலும் வாரண்டி போய்விடும் என்று மகன் கண்டிப்பாகச் சொன்னான். முருகனுக்கு வாரண்டி கிடையாது. அதனால் முருகனைக் கழற்றி வால்வைப் போட்டார்கள்.

இப்படிச் சகல பாதுகாப்போடும் இருக்கையில் ஹம்சிகா பெரிய பிள்ளையானாள். சடங்குக்கு நாள் குறித்தார்கள். ஜெயக்காந்தனுக்கு லீவு கிடைக்கவில்லை. எந்த வருசம் கிடைத்தது, இந்த வருசம் கிடைக்க? "கேமராவுல பாத்துக்கிறேம்ப்பா" என்றான்.

சடங்கு நாள் விடிந்தது. மருமகள் அஜிதா தலைக்குக் குளித்துவிட்டுச் சாமி கும்பிட வந்தவள், முருகன் இருட்டில் நிற்பதைப் பார்த்தாள். நல்ல நாளும் அதுவுமாக விடுவாளா? சாமி ப்ளக் சாமிக்கு. அதில் இருந்த வயரைப் பிடுங்கிவிட்டு, தொங்கிய பல்பு வயரை எடுத்துச் சொருகினாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஹால் செக்கச்செவேல் என்று ஆனது. குழாய் நின்றது.

பல்லேபொலையிலிருந்து தாய்மாமன் சுஜிதன் சீர்த்தட்டோடு வந்து இறங்கும்போது, பிள்ளைக்கு ஊற்ற வீட்டில் ஒரு செம்புத் தண்ணி இல்லை. நல்ல நேரமோ நடந்துகொண்டிருந்தது. செல்லச்சாமி, தண்ணி விடுகிற அரசாங்கக் கந்தோருக்குப் போன் அடித்தார்.

"பக்கத்து வீட்டுல வருதா?"

"நோனா வீட்டுல கொட்டுதுங்க."

"அப்ப உங்க வீட்டத்தான் பாக்கணும் மாத்தயா."

அதற்குள் கத்தாரிலிருந்து போன். "எனக்கு எல்லாம் பச்சையாத்தான் காட்டுதுப்பா. 'நீர்க்கசிவு இல்லை'ன்னு போட்டிருக்கு."

"தண்ணியே இல்ல, எங்கிட்டுக் கசியும்?"

ரவூபுக்கு அடித்ததும் அவன் கேட்டது ஒரே கேள்வி: "வால்வு வயரு எங்க ஐயா இருக்கு?" செல்லச்சாமி சுவரைப் பார்த்தார். வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

உடனே "அவசரக் கூட்டம்" கூடியது.

"சாமி பல்பக் கழட்டுங்க மாமா" என்றான் சுஜிதன்.

"எம் புள்ளைக்குத் தண்ணி ஊத்துற அன்னைக்குச் சாமி வெளக்க அணைப்பியா நீ? கைய வச்சுப் பாரு" என்றாள் அஜிதா.

"அப்ப கேமராவக் கழட்டு."

"அவரு எதுல பாப்பாரு? பெத்த அப்பன் பாக்க வேணாமா?"

தண்ணி, சாமி, தகப்பன். மூன்று பேருக்கு ப்ளக் இரண்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா, "பேசிப் பேசி நேரம் போகுது தானே. நம்ம வீட்டுக்கு வாளி கொண்டாங்க" என்றாள். அவள் வீட்டுத் தண்ணிக்கு ஒரு காவலும் கிடையாது. பாவம், திறந்தால் வந்துவிடும்.

வாளி வாளியாக வந்தது. ஹாலைத் தாண்டும்போது சிந்திய தண்ணி, வால்வோடு வந்து தரையில் ஒட்டியிருந்த பேட்டரிக் கருவியில் பட்டது. வீடு முங்கப் போகிறது என்று சைரன் ஊளையிட்டது. சடங்குக்கு மேளம் சொல்லாத குறை தீர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, நல்ல நேரம் முடியுமுன் பின்பக்கம் வைத்துப் பிள்ளைக்குத் தண்ணி ஊற்றி முடித்தார்கள்.

சேலை கட்டி, மாலை போட்டு, ஆலாத்தி எடுக்க ஹம்சிகாவை வாசலில் நிறுத்தினார்கள். கேமராவுக்கு நேரே நின்றாள். அப்பா பார்ப்பார் என்று சிரித்தாள்.

போன் அடித்தது.

"அப்பா, இங்க செவப்பு லைட்டு அடிக்குது. 'தெரியாத ஆள்'னு வருது. வாசல்ல மாலையோட ஒரு பொண்ணு நிக்குதே, யாரது?"

"நல்லாப் பாரு."

"பாத்துட்டுத்தாம்ப்பா கேக்குறேன். சுஜிதன் பக்கத்து ஆளா? ஹம்சிகாவ எங்க, இன்னும் வெளிய கூட்டியாரலியா?"

செல்லச்சாமி போனைக் காதிலிருந்து எடுத்தார். உள்ளே போனார். கேமரா ப்ளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் வால்வைச் சொருகினார். சுவருக்குள் 'டக்' என்றது. சமையலறைக் குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுக் கொட்டத் தொடங்கியது.

அஜிதா ஓடிவந்தாள். "என்ன மாமா, அவரக் கழட்டிட்டீங்க?"

"சாமி எரியுதா?"

"எரியுது."

"தண்ணி வருதா?"

"வருது."

"அப்ப வீட்டுல என்ன கொறையுதுன்னு பாத்துச் சொல்லு" என்றார் செல்லச்சாமி.