தொலைபேசியில் தலையாட்டுகிறவர்

தொலைபேசியில் தலையாட்டுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். இலுப்பூர் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தோட்டத்தில் காய்த்த பூசணிக்காயின் அளவை எதிர்முனைக்குக் கையை விரித்துக் காட்டுவார். "அங்கிட்டுத் திரும்பாதீங்க, இங்கிட்டு" என்று விரலாலேயே வழி சொல்வார். மேலதிகாரி அழைத்தால் எழுந்து நின்று, வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டு பேசுவார். மனிதர்கள் இதைச் சமாளித்துவிடுகிறார்கள். இப்போதெல்லாம் எதிர்முனையில் மனிதரா இருக்கிறார்?

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்துவிடுகிறேன்.

என் மகள் வைஷ்ணவியைப் பெண் பார்க்க அறந்தாங்கியிலிருந்து வரும் நாள். பலகாரம் என் பொறுப்பு. கடைசி நிமிடத்தில் செய்தி கொடுத்தே பழகிய நிருபர் ஆகையால், கடைசி நிமிடத்தில்தான் ஓட்டலை அழைத்தேன். அங்கே ஆர்டர் எடுக்கப் பேசும் இயந்திரம் வைத்துவிட்டார்கள். இனிமையான பெண்குரல்.

"வணக்கம். என்ன வேண்டும்?"

எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வர நமக்கு மனம் வருமா? "நல்லா இருக்கீங்களா? யாவாரமெல்லாம் எப்படிப் போகுது?" என்றேன்.

"மன்னிக்கவும், புரியவில்லை."

ஒருவழியாகக் கேசரியும் பஜ்ஜியும் இருபது பேருக்கு என்று புரியவைத்தேன்.

"சரியா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்."

தலையாட்டினேன். மரியாதையாக, இரண்டு முறை.

"பதில் கேட்கவில்லை. ஆர்டரை ரத்து செய்யட்டுமா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்."

"இல்..." என்று வாயைத் திறந்தேன். என் மனைவி சுகுணா பாய்ந்து வந்தாள். "நல்ல காரியம் பேசுற நாளு. அந்த வார்த்த இன்னிக்கு இந்த வீட்டுல வரக்கூடாது!" காலையில் சர்க்கரை தீர்ந்தபோதுகூட "சர்க்கர நெறஞ்சிருக்கு" என்று சொல்லித்தான் என்னைக் கடைக்கு அனுப்பியவள்.

"அப்படியெல்லாம் செஞ்சுடாதீங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினேன். கையையும் ஆட்டிக் காட்டினேன்.

"புரியவில்லை. ஆர்டர் ரத்து செய்யப்பட்டது. நன்றி."

வாசலில் வேன் வந்து நின்றது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம். மறுபடியும் தண்ணீர் கொடுத்தோம். மாப்பிள்ளையின் அப்பா ஆவுடையப்பன் என் முகத்தைப் பார்த்து விசாரிக்க, விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"இம்புட்டுத்தானா? போன இங்கிட்டுக் குடுங்க. துபாய்ல மெசினுககிட்டயே குப்ப கொட்டுனவன் நான்."

ஸ்பீக்கரைப் போட்டு அட்சரம் பிசகாமல் ஆர்டர் சொன்னார். "சரியா?" என்றது குரல். கம்பீரமாகத் தலையாட்டினார். கூடப்பிறந்தவனைக் கண்டதுபோல் எனக்குக் கண் கலங்கியது.

"பதில் கேட்கவில்லை. ஆர்டரை ரத்து செய்யட்டுமா?"

அவர் தாம்பூலத் தட்டைப் பார்த்தார். சுகுணாவைப் பார்த்தார். வாயை இறுக மூடிக்கொண்டு, வேண்டாம் வேண்டாமென்று கையால் காற்றைத் தள்ளினார்.

உள்ளறையிலிருந்து பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள் வைஷ்ணவி. போனை வாங்கினாள்.

"இல்லை!"

பெண் பார்க்க வந்தவர்கள் நடுவில், பெண்ணின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை! சுகுணா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தம் போயிற்று என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

"ஆர்டர் உறுதி செய்யப்பட்டது. நன்றி" என்றது குரல். அந்த வீட்டில் பதறாத ஒரே ஆள் அதுதான்.

மாப்பிள்ளையின் அம்மா சொர்ணவல்லி எழுந்து வந்து என் மகளின் கையைப் பிடித்தார். "எங்க வீட்டுல அப்பனும் மகனும் எதக் கேட்டாலும் தலையத்தான் ஆட்டுவாக. வாயத் தொறந்து பதில் சொல்ல ஒரு ஆளத்தேன் நானும் தேடிக்கிட்டு இருந்தேன். என்னத்தா, எங்க வீட்டுக்கு வாரியா?"

வைஷ்ணவி மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

என் மகளாயிற்றே!

நீங்கள் எங்கள் இனத்தைச் சேர்ந்தவரல்ல என்றுதானே இவ்வளவு நேரம் சிரித்தீர்கள்? நீங்கள் தலையாட்டுவது எனக்குக் கேட்கவில்லை. ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்.