கம்பான் கடைக் கஞ்சா சூப்பு வழக்கு

அரசாங்கம் எங்கள் நன்மைக்காகவே கஞ்சாச் செடியை அனுமதித்தது. எங்கள் நன்மைக்காகவே அதைத் தடையும் செய்தது. நடுவில் தாய்லாந்தில் எங்கள் கோன்கேன் ஊர்ப் பக்கம் அது நுழையாத பண்டம் இல்லை. தேநீரில் கஞ்சா, ஐஸ்கிரீமில் கஞ்சா, குளிக்கிற சோப்பில்கூடக் கஞ்சா. ஊரோடு ஒத்து வாழ் என்று கம்பானும் தன் நூடுல்ஸ் சூப்பில் நாலு இலையைப் போட்டான். வீடு தேடி வந்து அந்தச் செடியை இலவசமாகக் கொடுத்ததே அரசு அலுவலகம்தான்.

தடை வந்த மறுநாள் இன்ஸ்பெக்டர் வொராவுத் வந்து, தொட்டியும் மண்ணுமாகச் செடியைத் தராசில் தூக்கி வைத்தார். பதினாலு கிலோ.

"இவ்வளவு இருந்தா கடத்தல்தான்டா. பத்து வருஷம் உள்ளதான்."

கம்பான் அழுதே விட்டான். நானும் கூடவே அழுதேன். அந்த மாதிரி சூப்பு வேறெங்கே கிடைக்கும்?

அவனுக்காக வக்கீல் சுமாலி ஸ்டேஷனுக்கு வந்தாள்.

"தொட்டியையும் சேத்தா நிறுத்தீங்க?"

"தொட்டியில்லாம செடி நிக்குமா மேடம்?"

"சரி, கடத்தல்னா ஒருத்தன் கொடுக்கணும், ஒருத்தன் வாங்கணும். வாங்கினவன் எங்க?"

இன்ஸ்பெக்டர் ஆழ்ந்து யோசித்தார். பிடிபட்டவனைக் குற்றம் நடந்த இடத்துக்கே கூட்டிப்போய், செய்ததை நடித்துக் காட்டச் சொல்லிப் படம் பிடிப்பது எங்கள் போலீஸின் வழக்கம். அதன்படியே செய்து வாங்கினவனைக் கண்டுபிடிப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது.

"எதையும் மாத்தாதே. அன்னைக்கு நடந்த மாதிரியே செய்," என்றார்.

கம்பான் அடுப்பை மூட்டி, இலையைக் கிள்ளிப் போட்டான். "யாருக்கு ஊத்தணும் ஐயா?"

"வழக்கமா யாரு வருவாங்க?"

கம்பான் தலையைச் சொறிந்தான். "அந்த முக்காலி உங்களோடது ஐயா. பக்கத்துல ஏட்டையா. மூலையில, செடி கொடுத்த பெரிய ஆபீசர்."

ஆபீசருக்கு ஆள் அனுப்பப்பட்டது. மேற்படியார் மூவரும் மேற்படி முக்காலிகளில் முறைப்படி அமர்ந்தனர். "எனக்கு மிளகாய் வேணாம்டா," என்றார் இன்ஸ்பெக்டர். "தெரியாதா ஐயா," என்றான் கம்பான். செடி மொட்டையாகும்வரை புலன்விசாரணை தீவிரமாக நடந்தது. ஏட்டையா பாட ஆரம்பித்த பிறகுதான் கேமராவை நிறுத்தினார்கள்.

கோர்ட்டில் இன்ஸ்பெக்டர் தொட்டியை மட்டும் கொண்டுவந்து வைத்தார்.

"செடி எங்கே?" என்றார் நீதிபதி.

"விசாரணையில தீந்துபோச்சுங்க."

சுமாலி போலீஸ் எடுத்த படத்தையே நீட்டினாள். "வாங்கினவங்க இவங்கதான்."

"நாங்க கடமைக்காகச் சாப்பிட்டோம்!"

"ரெண்டாவது கிண்ணம்?"

"முதல் கிண்ணம் படத்துல சரியா விழலைங்க."

கடமைக்காக உண்பது குற்றமாகாது, தடயமில்லாமல் வழக்கும் நிற்காது என்று நீதிபதி எல்லோரையும் விடுவித்தார். மேலிடம் மகிழ்ந்துபோய், பறிமுதலான எல்லாச் செடிகளுக்கும் இதே முறையில் விசாரணை நடத்தும்படியும், வாங்கினவர்களாக நடிக்கப் பொதுமக்கள் ஒத்துழைக்கும்படியும் உத்தரவு போட்டது. ஸ்டேஷன் வாசலில் தினமும் கிண்ணமும் கையுமாக வரிசை; இப்படி ஒத்துழைக்கிற பொதுமக்களை எங்கள் ஊர் கண்டதில்லை.

கம்பான் இப்போது சுதந்திர மனிதன். இலையில்லாத சூப்பு கொதித்துக்கொண்டே இருக்கிறது, குடிக்கத்தான் ஆளில்லை. "உங்களை நம்பித்தானேண்ணே கடையைத் திறந்தேன்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"நாளைக்கு வரேன்டா தம்பி. இன்னைக்கு நான்தான் வாங்கினவன்," என்று கையை உருவிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.